புல்வெளியில் கழற்றிய சப்பாத்து

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் நான் கோபிக்க மாட்டேன், வேறு யாராவது வந்து எனக்கு இதைச் சொல்லியிருந்தால் நானும் சிரித்துத்தான் இருப்பேன். ஊரில் சின்ன வயதில், புளியமரத்தில் முனி இருக்குது என்று மற்றப் பிள்ளைகள் எல்லாம் சுற்றிக்கொண்டு போக, அந்த மரத்துக்குக் கீழாலேயே நடந்து பள்ளிக்கூடம் போனவள் நான். லண்டனுக்கு வந்த பிறகும் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்தான் வேலை. இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துப் பார்ப்பது, தெரிந்தால் இருக்கிறது, தெரியாவிட்டால் இல்லை, அவ்வளவுதான். கோயிலுக்குப் போவேன், விரதமும் பிடிப்பேன், ஆனால் செய்வினை, சாத்திரம் என்று யாராவது கதையைத் தொடங்கினால் தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன். அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது, அதுவும் இருட்டில் இல்லை, பனிமூட்டத்தில் இல்லை, நல்ல வெயில் எறித்த ஒரு முற்பகலில்.

இவரைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்ல வேண்டும். இவர் என்றால் என் கணவர். கலியாணம் முடித்த கையோடு எண்பத்து நாலில் இங்கே தனியே வந்தவர், நான் வந்து சேர்ந்தது எண்பத்தெட்டில். இடைப்பட்ட காலம் முழுக்க மனோர் பார்க்கில் ஓர் அறையில் வேறு பெடியளோடு இருந்திருக்கிறார், இரவில் பெட்ரோல் ஷெட்டில் வேலை, பகலில் நித்திரை. அந்தக் காலத்தைப் பற்றி இவர் எனக்குச் சொன்னது இவ்வளவுதான். நானும் துருவிக் கேட்கவில்லை. ஒருமுறை ஒரு பிறந்தநாள் வீட்டில் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, "அந்த நாலு வருசமும் மனுசன் என்ன செய்தாரெண்டு ஆருக்குத் தெரியும்" என்று பகிடியாகச் சொல்லிச் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன், ஆனால் அந்தப் பகிடி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

இங்கிலாந்தின் வடக்கே நடக்கப் போகிற யோசனை என்னுடையது. ஆய்வுகூடத்தில் என் பக்கத்து மேசையில் ஜோன் என்று ஒரு வெள்ளைக்காரி இருந்தாள், யோர்க்ஷையர்க்காரி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தன் ஊர்ப் படங்களைக் காட்டிக்கொண்டே இருப்பாள். பச்சை மலைகள், கல் மதில்கள், செம்மறி ஆடுகள், மனிதரே இல்லாத பாதைகள். நீ ஒருக்கால் போய் நடந்து பார், மூளை கழுவினது போல இருக்கும் என்று சொல்லித் தன் வரைபடத்தையும் தந்துவிட்டாள். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, வைகாசி மாதம். மகளை ஃபாரஸ்ட் கேட்டில் என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வெளிக்கிட்டோம். "நடக்கிறதுக்கு ரெயின் ஏறிப் போறதோ? வீட்டடியில, கோலியர்ஸ் வுட்டில நடக்க ஏலாதோ?" என்று இவர் வழி முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டே வந்தார்.

லீட்ஸில் மாறிச் சின்ன ரெயின் ஏறிய பிறகு புறுபுறுப்பு நின்றுவிட்டது. களைப்பு என்று நினைத்தேன். அன்று மாலை ஒரு கிழவியின் வீட்டில் அறை எடுத்துத் தங்கி, காலையில் முட்டையும் பாணும் சாப்பிட்டுவிட்டு நடக்கத் தொடங்கினோம். அந்த ஊரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை.

வரைபடம் என் கையில். ஊர் முடிகிற இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது, வரைபடத்தின்படி இடப்பக்கம் மதிலோடு போக வேண்டும். நான் அந்தப் பக்கம் திரும்ப, இவர் நிற்காமலே வலப்பக்கம் ஏறிக்கொண்டு, "அதால போனால் ஒரே சேறு. இதால வாரும்" என்றார். சரி, ஆம்பிளைகள் வழி கேட்கமாட்டார்கள், தெரிந்தது போலத்தான் நடப்பார்கள் என்று நானும் பின்னால் போனேன். மேலே ஏறித் திரும்பிப் பார்த்தால், கீழே இடப்பக்கப் பாதையில் போன இரண்டு பேர் முழங்கால் வரை சேற்றில் நின்று ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது சிரிப்புத்தான்.

அங்கே மதில்கள் எல்லாம் சாந்து பூசாமல் கல்லுக்கு மேல் கல் அடுக்கிக் கட்டியவை. எங்கள் ஊர் வேலியில் கடப்பு வைப்பது போல இடையிடையே ஆள் நுழைய ஒரு வெடிப்பு விட்டிருப்பார்கள். ஒரு மதிலை நெருங்கிக்கொண்டிருந்தோம், வெடிப்பு கண்ணுக்கே தெரியவில்லை, அதற்கு முன்னமே இவர் முதுகுப் பையைக் கழற்றிக் கையில் பிடித்துவிட்டார். பார்த்தால் அந்தக் கடப்பு அவ்வளவு ஒடுக்கம், பையோடு போனால் சிக்கிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஓர் ஓடை. குறுக்கே கால் வைத்துப் போகக் கற்கள் போட்டிருந்தது. இவர் முன்னால் போய்க்கொண்டே, "நடுக்கல்லு ஆடும், பார்த்து வையும்" என்றார், ஆனால் தான் அந்தக் கல்லில் கால் வைக்கவே இல்லை, எட்டி அடுத்ததற்குப் போய்விட்டார். நான் வைத்துப் பார்த்தேன். ஆடியது.

நம்பினால் நம்புங்கள், எனக்கு அந்த இடத்தில் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்த மனிசன் இங்கே முன்பு வந்திருக்கிறது. தனியே யார் இந்தக் காட்டுக்கு வருவார்கள்? யாரோ கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அந்த நாலு வருசமும் எனக்கு முன்னால் படம் போல விரியத் தொடங்கிவிட்டது.

"இஞ்சேருங்கோ, நீங்கள் முந்தி இஞ்ச வந்திருக்கிறியளோ?"

"நான் எங்க வந்தனான்? லீட்ஸையே நேற்றுத்தான் கண்டனான்."

"பிறகெப்பிடி அந்தக் கல்லு ஆடுமெண்டு தெரியும்?"

இவர் நின்று திரும்பிப் பார்த்தார். கள்ளம் பிடிபட்ட முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அது அந்த முகம் இல்லை. "நான் அப்பிடிச் சொன்னனானோ?" என்று கேட்டார்.

"ஆரோட வந்தனீங்கள்? மறைக்காமல் சொல்லுங்கோ. நான் சத்தம் போடமாட்டன்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? எனக்கு ஒண்டும் தெரியாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, தனக்கே சொல்வது போல மெதுவாக, "காலுக்குத்தான் தெரியுது" என்றார். பிறகு முன்னால் கையைக் காட்டி, "இந்த ஏத்தம் ஏறி இறங்கினால் வீடு வந்திடும். தண்ணி குடிக்கலாம்" என்று சொல்லி நடக்கத் தொடங்கிவிட்டார்.

வீடு. அந்த ஏற்றம் முழுக்க, கதவைத் திறக்கப்போகிறவளின் முகத்தைத்தான் யோசித்துக்கொண்டு ஏறினேன். என்ன சொல்வது, ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது, அழாமல் எப்படிச் சொல்வது என்று வசனம் வசனமாக அடுக்கிக்கொண்டு ஏறினேன். இவரோ சந்தை முடிந்து வீட்டுக்குப் போகிற மனிதரைப் போலக் கையை வீசிக்கொண்டு போனார்.

ஏறி இறங்கினோம். அங்கே ஒரு வீடும் இல்லை.

ஒரு பெரிய மரம், அதற்குப் பக்கத்தில் பட்டால் சொறிகிற காஞ்சோண்டிப் பற்றை, மற்றதெல்லாம் புல். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. இவர் நடுப்புல்லில் அப்படியே நின்றார். ஊரில் ஷெல் விழுந்த பிறகு திரும்பிப் போய் எங்கள் வளவுக்குள் நின்ற அப்பாவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். வாய் கொஞ்சம் திறந்து, கண் மட்டும் அங்கேயும் இங்கேயும் எதையோ தேடிக்கொண்டு. அதே முகம். ஆனால் அப்பாவுக்கு அங்கே ஒரு வீடு இருந்தது என்று ஊருக்கே தெரியும்.

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து, நாலு சில்லு மோட்டார் சைக்கிள் ஒன்றில் ஒரு வயதான பெண் வந்தார், பின்னால் ஒரு நாய். அந்தப் பண்ணைக்காரி. எழுபது வயது இருக்கும், ஆனால் வைரம் பாய்ந்த உடம்பு. வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது, இங்கே முன்பு ஏதாவது வீடு இருந்ததா என்று கேட்டேன்.

அவர் என்ஜினை நிறுத்தினார். இருந்ததுதான் என்றார். தான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, இரண்டாம் உலகச் சண்டைக்கு முன்னம், தகப்பன் அதை இடித்துக் கல்லை எல்லாம் மாட்டுக்கொட்டில் கட்ட எடுத்துவிட்டாராம், அதற்கு முன்னமே வெகுகாலமாக அதில் ஆள் இல்லையாம். அத்திவாரம்கூட மிஞ்சவில்லை, வரைபடத்திலும் இராது, உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரும்பினேன்.

இவர் எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, புல்லில் குந்தியிருந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சப்பாத்தையும் கழற்றிப் பக்கத்தில் சோடியாக வைத்தார். எழும்பி, தலையை நன்றாகக் குனிந்து, ஓர் அடி வைத்து, பிறகு நிமிர்ந்தார். தலை இடிக்க அங்கே என்ன இருக்கிறது, மேலே வானம்தான். நிமிர்ந்து, இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு மெல்ல நடந்தார், ஓரிடத்தில் வளைந்து திரும்பினார், ஏதோ மேசையோ கட்டிலோ இருப்பது போல. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்த வழியாலேயே வந்து, அதே இடத்தில் மறுபடி குனிந்து, வெளியே வந்து சப்பாத்தைப் போட்டார்.

பண்ணைக்காரி நாயின் கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாய் குரைக்கவில்லை. "அந்த வாசல் நிலைக்கு எல்லாரும் குனியத்தான் வேண்டும்," என்று ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் சொன்னார். "என் தகப்பன் எத்தனை முறை நெற்றியை இடித்துக்கொண்டார்."

கதவு அந்த இடத்திலா இருந்தது என்று கேட்டேன். ஓம் என்பது போலத் தலையை ஆட்டினார்.

இவர் வந்து சேர்ந்தார், முகம் வழமை போல இருந்தது. அந்தப் பெண் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உங்கள் ஆட்கள் இந்தப் பக்கத்தவர்களா என்று கேட்டார். இவர் பெரிதாகச் சிரித்து, "நோ, நோ மடம், ஸ்ரீலங்கா" என்றார். இந்த நாட்டில் எத்தனையோ பேர் எங்களிடம் எங்கேயிருந்து வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நீங்கள் இந்த ஊரவரா என்று கேட்டது அவர் ஒருவர்தான், அதையும் பகிடியாகக் கேட்கவில்லை.

திரும்பும்போது இவருக்கு நல்ல பசி. ஒரு கல்லில் இருந்து சாண்ட்விச்சைத் தின்றுகொண்டு, "இடியப்பம் அவிச்சுக் கொண்டு வந்திருக்கலாம்" என்றார். ஓடைக்கு வந்தபோது நேராக அந்த நடுக்கல்லில் காலை வைத்து, வழுக்கி, சப்பாத்தை நனைத்துக்கொண்டார். சொல்லவில்லையே நீர் என்று என்னைக் கோபித்தார்.

வீட்டுக்கு வந்து ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு, இவரோடு மனோர் பார்க் அறையில் இருந்த ஒருவர் ஃபாரஸ்ட் கேட்டில் கடை வைத்திருந்தார், அவரிடம் மிளகாய்த்தூள் வாங்கப் போனது போலப் போய் மெல்லக் கதையை விட்டேன். "அண்ணை, அந்த நாளில இவர் யோர்க்ஷையர் பக்கம் எங்கயும் போறவரோ?"

அவர் தராசை விட்டுவிட்டுச் சிரித்தார். "தங்கச்சி, அவனுக்கு நித்திரை கொள்ளவே நேரமில்லை. ஷெட்டை விட்டால் அறை, அறையை விட்டால் ஷெட். ரெயின் ஏற ஆரிட்டக் காசு இருந்தது?"

அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியைச் சொல்ல முடியாது, பஸ்ஸில் கண்ணீர் வந்துவிட்டது. அடுத்த நாள் காலை, ஆய்வுகூடத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் யோசித்தேன், ஒருத்தி இருந்திருந்தால் அவளுடைய பெயரையாவது கேட்டிருக்கலாம். அழுதிருக்கலாம், சண்டை பிடித்திருக்கலாம், மன்னித்துமிருக்கலாம். இதை என்ன செய்வது?

பிறகு இவரிடம் நேராகவே கேட்டேன். நடந்தது நினைவிருக்கிறது, பண்ணைக்காரி, நாய், சாண்ட்விச் எல்லாம் நினைவிருக்கிறது. சப்பாத்தை ஏன் கழற்றினீர்கள் என்றால், "கல்லுக் கில்லுப் போயிருக்கும்" என்கிறார். பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் லண்டன் திரும்புகிற அந்த ரெயினில் நடந்தது ஒன்று இருக்கிறது, அதைத்தான் என்னால் இன்றுவரை தள்ளி வைக்க முடியவில்லை. இவர் யன்னலில் தலை சாய்த்து அரை நித்திரையில் இருந்தார். நான் குனிந்து மெதுவாகக் கேட்டேன், "அது ஆரின்ர வீடு?"

கண்ணைத் திறக்காமல், தபால்காரன் கேட்டதற்குச் சொல்வது போலச் சொன்னார். "எங்கட வீடு."

எழுதும்போது நாம் என்றும் நாங்கள் என்றும் இரண்டு வைத்திருக்கிறோம், கேட்கிறவரைச் சேர்த்தால் ஒன்று, சேர்க்காவிட்டால் மற்றது. எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் அந்தப் பிரிவு இல்லை. எல்லாவற்றுக்கும் எங்கடதான், கேட்டுக்கொண்டிருக்கிறவர் அதற்குள்ளும் இருக்கலாம், வெளியேயும் நிற்கலாம்.

எத்தனையோ வருசமாகிவிட்டது. இப்போதும் மேல்மாடியில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார், நல்ல மனிசன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த 'எங்கட'வுக்குள் நானும் இருந்தேனா என்று கேட்டுவிடலாம்தான். கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை.