ஓநாய்க்கு வந்த கடிதம்

கழுதை ஒன்று மலைமேல் வீடு வீடாகத் தபால் கொடுக்கும். என் சின்ன வயதில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டிவியில் வந்த அந்தக் கார்ட்டூன் தொடருக்கு இதைத் தவிர வேறு கதை கிடையாது. வாரத்துக்கு ஒரு கடிதம், ஒரு வீடு, அதற்குப் போகும் பனி மூடிய பாதை. அதற்காக நான் எண்ணெய் வழியும் தலையோடு குளிக்கப் போகாமல் உட்கார்ந்து அம்மாவிடம் தினுசு தினுசாகத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

தொடர் ஹிந்தியில் பேசும். எனக்கு ஏழு வயது, ஒரு வார்த்தை புரியாது. அக்காவுக்குப் பதின்மூன்று. எங்கள் மயிலாப்பூர்த் தெருவில் ஹிந்தி பரீட்சை எழுதாத பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அக்கா எல்லாப் பரீட்சையிலும் முதல் வகுப்பு. அப்பா அந்தச் சான்றிதழ்களுக்குச் சட்டம் போட்டு சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டார். ஆகவே கழுதை என்ன பேசுகிறது என்று எனக்குச் சொல்வது அவள் வேலை.

எப்படிச் சொல்வாள்! ஒரு வாரம் கிழட்டு ஓநாய்க்குக் கடிதம் வந்தது. அது பிரித்துப் படித்துவிட்டு, முகத்தை முன்னங்கால்களில் புதைத்துக்கொண்டு அழுதது.

"ஏங்க்கா அழறது?"

"அதோட தம்பி எழுதியிருக்கான்டி. சண்டை போட்டுண்டு ஆத்தை விட்டுப் போனவன். கோவமெல்லாம் போயிடுத்து, பாக்கணும் போல இருக்குன்னு எழுதியிருக்கான்."

நானும் ஓநாயோடு சேர்ந்து அழுதேன். அன்று முழுக்க அக்கா என்ன சொன்னாலும் கேட்டேன் என்பது எங்கள் வீட்டில் ஓர் அதிசயம்.

தொண்ணூற்றொன்பது மே மாதம் அந்தத் தொடரை மறு ஒளிபரப்பு செய்தார்கள், தினமும் மதியம் இரண்டு மணிக்கு. அக்காவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு டெல்லியில் வேலை, மாதத்தில் பாதி நாள் வெளியூர்ப் பயணம். பெண் தனியாகச் சமாளிப்பாளா என்று பிள்ளை வீட்டார் இழுத்தபோது, அப்பா சுவரைக் காட்டி, "ஹிந்தி அவளுக்குத் தண்ணி பட்ட பாடு" என்றார். அதோடு பேச்சு முடிந்து தட்டு மாற்றியாகிவிட்டது.

கூடத்தில் உட்கார்ந்து நானும் அக்காவும் கல்யாணப் பத்திரிகைகளின் ஓரத்தில் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தபோது ஓநாய் மறுபடி வந்தது. இடைப்பட்ட வருடங்களில் எங்கள் மாடிக்கு ராஜஸ்தான் குடும்பம் ஒன்று குடிவந்திருந்தது. அந்த வீட்டுப் பெண்ணோடு அரட்டை அடித்தே எனக்கு ஹிந்தி வந்திருந்தது. ஓநாய் கடிதத்தை உரக்கப் படித்தது. எழுதியிருந்தவர் பல் டாக்டர். இனிமேல் வெல்லத்தைத் தொடக் கூடாதாம்.

"தம்பின்னு சொன்னியே!" என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன். அக்கா சிரிக்கவில்லை.

"உனக்கு நிஜமாவே புரியறதா?" என்றாள். அப்புறம் அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாக, "எனக்கு ஒண்ணுமே புரியலைடி. அப்பவும் புரியலை, இப்பவும் புரியலை. அங்க போய் என்ன பண்ணுவேன்?"

கைடைக் கரைத்துக் குடித்தே எல்லாப் பரீட்சையும் தேறியவள். மயிலைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு ஹிந்தியில் கட்டுரை எழுதுவாள், குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் மற்றவர்களை யாரும் டெல்லிக்கு அனுப்பவில்லை.

அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றேன். "அவர் சபையில தலை நிமிர்ந்து சொல்லிட்டார்டி" என்று மறுத்துவிட்டாள். அவளை நினைத்துப் பயமாக இருந்தது. மறுநாளிலிருந்து இரண்டு மணியானால் டிவி முன் உட்கார்ந்தோம். இந்த முறை சொல்பவள் நான். கழுதை பேசுவதை அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். "கல்யாணப் பொண்ணு பார்க்கற லட்சணமா இது?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தத் தொடரை ஒழுங்காகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கழுதை ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்கும். யாரும் வர மாட்டார்கள். பின்னணி இசைகூட இருக்காது. அதன் ஒரு காது மட்டும் மெல்லச் சாயும். அந்த ஒரு காதை அசைக்க யாரோ எங்கேயோ நாள்கணக்கில் படம் வரைந்திருக்கிறார்கள். சொல்லப்போனால், பல் டாக்டர் கடிதத்துக்கு அந்த ஓநாயின் முகம் பொருந்தவே இல்லை. அக்கா கட்டிச் சொன்ன தம்பி கடிதத்துக்குத்தான் பொருந்தியது.

ஜூனில் கிளம்பும்போது வழி கேட்கவும், காய்காரரிடம் பேரம் பேசவும், 'மெதுவாகப் பேசுங்கள்' என்று சொல்லவும் கற்றுக்கொண்டிருந்தாள். சென்ட்ரலில் ரயில் நகர்ந்தபோது அழுதது நான்தான்.

அவளிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. கல்லூரியில் சேர்ந்த மும்முரத்தில் ஒன்றுக்குக்கூட நான் பதில் போடவில்லை. ஆடி முடிந்து மூன்றாவது வந்தது:

"எதிர் வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று இருக்கிறது. மத்தியானம் என்னோடுதான் கார்ட்டூன் பார்க்கும். அது இங்கிலீஷில் ஓடுவதால் குழந்தைக்குப் புரியவில்லை. நான் ஹிந்தியில் கதை சொல்கிறேன். தப்பும் தவறுமாகத்தான், எல்லாம் சொந்தச் சரக்கு. நேற்று ஒரு பூனை அழுதது. ஏன் என்று குழந்தை கேட்டது. ஊரிலிருந்து தங்கை கடிதமே போடவில்லை, அதனால்தான் என்று சொல்லியிருக்கிறேன்."

செருப்பைக்கூட மாட்டாமல் தபாலாபீசுக்கு ஓடி, இன்லண்ட் லெட்டர் வாங்கி, அங்கேயே நின்று எழுதினேன்.