பாதி பாதியாகப் போட்ட மருந்து

பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு நோயாளியின் முகம் தெரியக் கூடாது என்பது என் கட்சி. புண்ணிலிருந்து எடுத்த சீழ் வரும். கண்ணாடித் தட்டில் கிருமியை வளர்ப்பேன். எந்த மருந்துக்குச் சாகிறது என்று எழுதிக் கொடுப்பேன். அத்தோடு நின்றிருக்க வேண்டும்.

மதுரையிலிருந்து மொரீஷியஸுக்கு வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். தீவு முழுக்கப் பின்னலாடை ஆலைகளும் ஓட்டல்களும் முளைத்துக்கொண்டிருந்தன. எங்கள் தீக்காய வார்டுக்கு இரண்டிலிருந்தும் ஆள் வந்தது. அந்த மாதம் இரண்டு பேர். ஒருத்தி கான் தெ மாஸ்க் ஊர்த் தமிழ்க் குடும்பத்துப் பெண், இருபத்திரண்டு வயது. ஸ்வெட்டர் ஆலையில் நீராவிக் குழாய் வெடித்துத் தொடை வெந்திருந்தது. மற்றவர் கிராண்ட் பே ஓட்டல் ஒன்றின் சமையல்காரர், ஐம்பது தாண்டியவர், சர்க்கரை நோயாளி. கொதிக்கும் எண்ணெய் மார்பிலும் வயிற்றிலும் கொட்டியிருந்தது.

இருவர் புண்ணிலும் ஒரே கிருமி, சூடோமோனாஸ். தட்டைத் திறந்தால் பச்சை நிறம், அழுகிய திராட்சை வாசனை. நான் வைத்த மருந்து வில்லைகளை அது சட்டையே செய்யவில்லை. இமிபெனம் வில்லையைச் சுற்றி மட்டும் ஒரு கிருமிகூட இல்லாத பெரிய வட்டம். கார்பபெனம் என்ற கடைசிக்கட்ட மருந்து வகையில் எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். அதற்கு மேல் மருந்தும் கிடையாது. அலமாரியில் இருந்த குப்பிகள் ஒருவருக்கு முழு அளவில் போடத்தான் காணும். அடுத்தது விமானத்தில் வர ஒரு வாரம்.

பெரிய டாக்டர் வெளிநாடு போயிருந்தார். இளைய டாக்டர் என் மேசைக்கு வந்து, யாருக்குப் போடுவது என்று கேட்டார். பந்தியில் சாம்பார் குறைந்தால் வெந்நீர் ஊற்றிக் கடைசி இலைவரை கொண்டுபோகிற குடும்பம் எங்களுடையது. யாரையும் வெறும் இலையோடு எழுப்ப மாட்டோம். ஆளுக்குப் பாதி போடுங்கள் என்றேன். அவர் முகத்தில் அத்தனை நிம்மதி. எனக்கும் பெருமைதான். அன்றைக்கு என் கட்சியை விட்டுவிட்டு, வார்டுக்கே போய் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். தனக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் ஒன்றை எடுத்து "அக்கா" என்று கூப்பிட்டாள். தைப்பூசக் காவடிக்குள் நடந்துவிடுவேனா என்று தீவின் பேச்சு மொழியான கிரியோலில் கேட்டாள். நடப்பாய் என்றேன்.

பாதி அளவு மருந்து நோஞ்சான் கிருமிகளைக் கொன்று, தாக்குப்பிடிப்பவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. படித்துப் பட்டம் வாங்கியவள் நான். ஆறாம் நாள் புதிய தட்டில் வட்டத்தைக் காணோம். வில்லையின் விளிம்புவரை பச்சை. இரண்டு பேர் தட்டிலும் அப்படியே. மறுநாள் காலை பெட்டி நிறைய மருந்து வந்து இறங்கியது. இருவருக்கும் முழு அளவில் போட்டார்கள். வெறும் தண்ணீரைப் போட்டிருந்தாலும் அதே பலன்தான். சமையல்காரர் வியாழக்கிழமை போனார். அவள் சனிக்கிழமை போனாள், கடைசிவரை நினைவு தப்பாமல், வலியில் கத்திக்கொண்டே.

காரியமெல்லாம் முடிந்தபின் அவள் அம்மா ஒரு பை லிச்சிப் பழத்தோடு என்னைத் தேடி வந்தாள். இருந்த மருந்தை இரண்டு பேருக்கும் சமமாகப் பிரிக்கச் சொன்னது நான்தான் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, யாரையும் ஒதுக்காத மனசு உனக்கு என்றாள். அந்த நன்றியை என்னால் ஒரு நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை.

"முழுசா ஒருத்தருக்கே போட்டிருந்தா ஒருத்தர் பிழைச்சிருப்பாங்க" என்றேன், என் அரைகுறைக் கிரியோலில்.

"கி சன்லா?" எந்த ஒருவர் என்று கேட்டாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எந்த டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் என் பாரத்தை இறக்கிவைக்க எனக்கு அவள்தான் கிடைத்தாள்.

"உங்க பொண்ணுதான். சின்ன வயசு, சின்னப் புண்."

அவள் என் கையை விட்டாள். பையை என் மேசையிலேயே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வெளியே போனாள். அன்று மத்தியானம், எத்தனையோ நாளைக்குப் பிறகு, நான் வயிறாரச் சாப்பிட்டேன்.