எட்டாவது ஆளாக ஆடிய ஞாயிறு

அந்த மே மாதம் சித்தி வீட்டில் நாங்கள் அடுப்பு மூட்டவில்லை. மூட்ட விடவில்லை என்பதுதான் சரி. வன்னியில் போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்ன மறுநாளே, எங்களைப் போலவே புலம்பெயர்ந்து ஸ்காபரோவிலிருந்த சொந்தக்காரர்கள் சோற்றுச் சட்டிகளோடு வரத் தொடங்கினார்கள். செத்தவீட்டுக்கு அயலார் மரக்கறிச் சாப்பாடு கொண்டுவருவது எங்கள் வழக்கம். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் செத்ததாகத் தெரியாது. அம்மா, அப்பா, தம்பி மூவரும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். ஒரு தகவலும் இல்லை, அவ்வளவுதான். வந்தவர்கள் சோபாவில் இருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆர் செத்தது எண்டு இவ்வளவு மரக்கறி?" என்று சித்தியிடம் கேட்டேன்.

"வாயைப் பொத்து," என்றார்.

அம்மாவுக்கு மனப்பாடமாக இருந்தது சித்தி வீட்டு நம்பர் ஒன்றுதான். அதனால் பல்கலைக்கழகத்தில் வகுப்பு முடிந்த கையோடு ஓடிவந்து போனடியில் இருப்பேன். குளிக்கும்போதுகூடக் கதவைக் கொஞ்சம் நீக்கி வைத்திருப்பேன். ஒரு ஞாயிறு காலை, பக்கத்துத் தெரு அன்ரி ஒருவர் கத்தரிக்காய்க் கறியை மேசையில் வைத்துவிட்டு, "அந்தியேட்டிக் கிரியையை இஞ்சையே செய்யலாம் பிள்ளை, கோயிலிலை கதைச்சுப் பாக்கட்டோ?" என்று கேட்டார். செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்வது அது. நான் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டேன்.

என்னோடு படித்த ஐரிஷ் பெண் ஒருத்தி பார்க்டேலில் ஒரு தேவாலய மண்டபத்துக்குப் பலமுறை கூப்பிட்டிருந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் அங்கே கெய்லி ஆடுவார்கள். அது அவர்கள் ஊரின் கூட்டு ஆட்டம். எட்டுப் பேர் நான்கு சோடியாக நிற்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் ஆட்டம் இல்லை. அன்று நான் அங்கே பார்க்கத்தான் போனேன். ஏழு பேர் நின்றார்கள். என் விருப்பத்தைக் கேட்கவே இல்லை, இழுத்து நிறுத்திவிட்டார்கள்.

எல்லோரும் வலப்பக்கம் போக நான் இடப்பக்கம் போனேன். எதிரே வந்த பருத்த கிழவரோடு மோதினேன். அவர் என் கையைப் பிடித்துச் சுழற்றி அடுத்தவரிடம் தள்ளிவிட்டார். என் கால்களே என் சொல்வழி கேட்கவில்லை, அது வேறு எரிச்சல். பிறகு எப்படியோ ஒரு சுற்று சரியாக வந்தது. நான் சிரித்துவிட்டேன். அங்கே யாரும் எதையும் விசாரிக்கவில்லை. கையைத் தந்தார்கள், சுழற்றினார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

ஒரு ஆட்டத்தோடு கிளம்பப் பார்த்தேன். நீ போனால் மற்ற ஏழு பேரும் சும்மா நிற்க வேண்டியதுதான் என்றாள் தோழி. அடுத்த ஆட்டத்திலும் அதே கதை. இன்னொரு ஆள் வந்து சேரும்வரை என்னை விடவில்லை.

திரும்பி வந்தபோது அன்ரி போய்விட்டிருந்தார். சித்தி வாசலிலேயே நின்றார்.

"கொம்மா போன் எடுத்தவ. தானும் தம்பியும் முகாமிலையாம். தம்பிக்குக் காய்ச்சலாம். ஆரோ ஒளிச்சு வைச்சிருந்த போன். ரெண்டு நிமிஷம் கதைக்கேக்கையே கட்டாயிட்டுது. உன்னைத்தான் கேட்டவ."

"என்ன சொன்னனீங்கள்?"

"கோயிலுக்குப் போட்டாள் எண்டன்."

இத்தனை நாளும் காவல் கிடந்தவள் எழும்பிப் போன நேரம் பார்த்தா அந்தப் போன் அடிக்க வேண்டும்? அன்ரி மேல், எட்டுப் பேர் இல்லாமல் ஆடத் தெரியாத ஐரிஷ்காரர் மேல், எல்லார் மேலும் ஆத்திரம் வந்தது. சப்பாத்தைக் கழற்றி எறிந்தேன். அப்போதுதான் உறைத்தது.

"அப்பா?"

சித்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. "அவ ஒண்டும் சொல்லேல்லை."

"நீங்கள் கேக்கேல்லையோ?"

"இல்லை."

"ஏன் கேக்கேல்லை? அவ்வளவு நேரமும் என்னத்தைக் கதைச்சனீங்கள்?" என்று கத்தினேன்.

"நீ நிண்டிருந்தால் கேட்டிருப்பியோ?"

"ஓம்," என்றேன்.

அடுத்த கிழமை அம்மா திரும்பவும் எடுத்தார். இந்த முறை நான்தான் போனைத் தூக்கினேன். சாப்பிட்டீங்களோ என்று கேட்டேன். தம்பிக்குக் காய்ச்சல் விட்டதோ என்று கேட்டேன். அங்கே மழையோ என்றும் கேட்டேன். அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை.