பக்கம் மாறிப் பேசிய பாக்கியம் அக்கா

பாக்கியம் அக்கா இறந்துபோன செய்திக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிய ஒரே ஆள் நான்தான். மன்னவனூரில் வேனில் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். கண்ணாடி வண்டிக்குள் கிடந்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவின் வாட்ஸ்அப்பில் ‘அக்கா’ என்ற சொல் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. வழக்கம்போல ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்து விரலைப் போட்டுவிட்டேன். அடுத்த நிமிடம் என் மகள் திவ்யா அழைத்தாள். “அப்பா, கண்ணாடியப் போட்டுட்டுப் படிங்க” என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை.

பெருமாள்மலையில் அவர் கடையில் பன்னும் டீயும் சாப்பிட்ட எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் அவருடையது. டீ விற்றுப் பிழைத்தாலும் கடைசிவரை அதைத் ‘தேத்தண்ணி’ என்றுதான் சொன்னார். ஞாயிறு மத்தியானங்களில் பின்பெஞ்சில் படம் போட்ட அட்டைகளை வைத்துக்கொண்டு நாங்கள் கத்துவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது காசு வைத்து ஆடும் சீட்டல்ல. பிள்ளைகள் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிச் சேர்க்கும் கார்டு. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு திறன் உண்டு. அது இங்கிலீஷில் எழுதியிருக்கும்.

அக்காவின் மகன் ஜெயன் ஓட்டல் வேலைக்கு வளைகுடாவுக்குப் போனபோது தன் கார்டுப் பெட்டியை விட்டுவிட்டுப் போனான். அதுவரை அவனோடு ஆடிக்கொண்டிருந்த திவ்யாவுக்கு எதிரே ஆள் இல்லை. “எனக்குச் சொல்லிக் குடுடி. எம்புள்ள இத்தன வருசமா இதுல என்னத்தக் கண்டான்னு நானும் பாக்குறேன்” என்று அக்கா உட்கார்ந்துவிட்டார். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் கைகழுவிய என்னையும் பிடித்து இழுத்துப் போட்டார்கள்.

அந்த ஆட்டத்தில் ஒரு பெண்ணின் கார்டு உண்டு. பெயர் எங்கள் வாயில் நுழையாததால் ‘பூட்டுக்காரி’ என்று வைத்துக்கொண்டோம். அவள் மேஜையில் இருக்கும்வரை எதிராளியின் கார்டுகளின் திறன் எல்லாம் ரத்து. ஒரு நாள் நான் பூட்டுக்காரியை இறக்கினேன். அக்காவும் தன் பூட்டுக்காரியை இறக்கினார். யார் யாரை ரத்து செய்வது?

“எம் பொண்ணு மொதல்ல வந்தவ. ஒங்க பொண்ணு வரும்போதே அவ தெறம செத்துப்போச்சு” என்றேன்.

“அதெப்பிடித் தம்பி? ஒங்கவ தெறமைய எங்கவ ரத்து பண்ணிட்டா, ஒங்கவ எங்கவள எதவச்சு ரத்து பண்ணுவா?”

திவ்யா விதிப் புத்தகத்தைப் படித்துச் சொன்னாள். கேட்டபின் குழப்பம் கூடியது. கடையில் பன் வாங்க வந்தவர்கூட ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்படி முட்டிக்கொள்ளும்போதெல்லாம் அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. “பக்கம் மாத்துவோம்” என்பார். அவருக்காக நான் வாதாட வேண்டும். எனக்காக அவர் வாதாடுவார். யார் வாதம் நிற்கிறதோ அந்தப் பக்கம்தான் தீர்ப்பு. “அடுத்தவன் நியாயத்த நம்ம வாயால சொல்லிப் பாத்தாத்தான் அதுல எம்புட்டு உப்பு இருக்குன்னு தெரியும்” என்பது அவர் கணக்கு. அன்று அவர் பக்கத்தை நான் வாதாடிய வேகத்தில் என் ஆட்டத்தில் நானே தோற்றேன். “வக்கீலுக்குப் படிச்சிருக்க வேண்டிய ஆளு. யாரு செஞ்ச புண்ணியமோ, தப்பிச்சிட்டாங்க” என்று சிரித்துக்கொண்டே எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

போன வருடம் அவருக்கு உடம்பு முடியாமல் போனது. மதுரை டாக்டர்கள் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அட்டுவம்பட்டியில் இருந்த அவர் வீட்டுக்கு ஒரு மத்தியானம் போயிருந்தேன்.

“ஜெயனுக்குச் சொல்லக் கூடாது. இப்பத்தான் வேலையில காலூன்றி இருக்கான்” என்றார்.

“வெரசாக் கூப்பிடணும்க்கா. பெத்த புள்ளைக்கு மறைக்கிறது தப்பு.”

அவர் தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு, “பக்கம் மாத்துவோம் தம்பி” என்றார்.

அவனைக் கூப்பிடக் கூடாது என்று நான் வாதாட வேண்டும். “பாலைவனத்து வெயில்ல இருக்கிற பய. இங்க வந்தா குளிரு ஒத்துக்காதுக்கா” என்றேன்.

“இந்தக் குளிருலதானய்யா நான் அவனப் பெத்தேன்!” என்று சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மூச்சு வந்ததும் என் பக்கத்தைப் பேசினார். “போறது எஞ்சோலி. பக்கத்துல இருந்து பாக்குறது எம்புள்ள சோலி. அவன் சோலியத் தடுக்க நான் யாரு? எங்கைய அவன் புடிச்சு எம்புட்டு நாளாச்சு...” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “தோத்துட்டீங்க தம்பி. போனப் போடுங்க.”

ஜெயன் வந்தான். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினான், தலை வாரிவிட்டான், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கார்டு ஆடித் தோற்றான். லீவு முடிந்து அழுதுகொண்டே போனான். அவன் போன கொஞ்ச நாளில் அக்கா போய்ச் சேர்ந்தார். கல்லறைத் தோட்டத்தில் “ஒத்தப் புள்ள, மண்ணு போட வரலியே” என்று சிலர் முணுமுணுத்ததைக் கேட்டேன். அவன் வர வேண்டிய நேரத்தில் வந்து போனான் என்பதை அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தப் பழக்கம்தான். வீட்டில் சண்டை வந்தால் முதலில் மனைவியின் பக்கத்தை நான் பேசிப் பார்க்கிறேன். பெரும்பாலும் அதோடு சண்டை முடிந்துவிடுகிறது, என் தோல்வியில்.

அந்த மத்தியானம் அக்காவின் பக்கம் பேச என்னிடம் ஒரு நல்ல வாதம் இருந்தது. ஜெயனுக்கு வருடத்தில் ஒரு தடவைதான் லீவு கொடுப்பார்கள். இப்போது வந்துவிட்டால் அடக்கத்துக்கு வர முடியாது. அதைப் பேசியிருந்தால், என் வாழ்நாளில் முதல் தடவையாக அவரை ஜெயித்திருப்பேன். நான் சொல்லவில்லை.