தோல்முட்டைக் கோழிக்கு ஒரு நேர்த்திக்கடன்

எண்பதுகளில் கல்யாணமாகி எஸ்டேட்டுக்கு வந்தபோது என்னோடு வந்த சீதனத்தில் உயிருள்ளது ஒன்றே ஒன்று: அம்மா கூடையில் வைத்துக் கொடுத்த செவலைப் பெட்டைக்கோழி. வந்த மூன்றாம் மாதம் அது தோல்முட்டை போட ஆரம்பித்தது. ஓடே கிடையாது. கையில் எடுத்தால் மெத்தென்று அமுங்கும்; கொஞ்சம் அழுத்தினால் விரலிடுக்கில் ஒழுகும். எனக்கோ ஒரே சிரிப்பு. மாமியாருக்குச் சிரிப்பு வரவில்லை.

"தோல்முட்டை போடுற கோழி வீட்டுக்கு ஆகாதுலா. ஞாயித்துக்கெழம அறுத்துக் கொழம்பு வச்சிடுவோம்," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்காரர் விடிந்ததும் எஸ்டேட் லோரி ஓட்டப் போய்விடுவார். பகலெல்லாம் அந்த லயத்து வரிசை வீட்டில் என் பேச்சைத் தலைசாய்த்துக் கேட்கிற ஒரே ஜீவன் அந்தக் கோழிதான். ஆத்திரம் வந்தால் என் வாய் சும்மா இருக்குமா? "அறுக்க முடியாது அத்தை. முனியாண்டிக்கு நேர்ந்து விட்டிருக்கேன்!" என்று போட்டேன் ஒரு போடு.

நான் மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி வளர்ந்தவள். முனியாண்டியை மரத்தடியில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஆனால் சாமிக்கு நேர்ந்ததில் மனுஷர் கை வைக்கமாட்டார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படியா? சரி. முனியாண்டி திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு," என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமைக் கத்திக்குத் தப்பிய கோழியைத் திருவிழாக் கத்தியிடம் நானே ஒப்படைத்திருந்தேன். இந்த வாய்க்கு ஒரு பூட்டு போட்டால் தேவலை.

நன்றாக முட்டை போடுகிற கோழியைப் பலி கொடுக்க யாருக்கு மனசு வரும்? முட்டையைச் சரிசெய்து காட்டினால் மாமியாரே மனசு மாறுவார் என்று கணக்குப் போட்டேன். வீட்டுக்காரர் கடலோரம் கோலசிலாங்கூர் பக்கம் போகும்போதெல்லாம் கெராங் சிப்பி வாங்கி வருவார். சதையை நாங்கள் தின்போம். ஓட்டைக் காயவைத்து, உரலில் இடித்து, தவிட்டில் கலந்து கோழிக்கு வைப்பேன். நான் இடித்த இடியில் லயமே காதைப் பொத்திக்கொண்டது.

இரண்டு வாரத்தில் ஓடு வந்தது. முதலில் சொரசொரப்பாக, அப்புறம் ஒன்று சுரைக்காய் மாதிரி கோணலாக, அப்புறம் ஒழுங்காக. ஒருநாள் கைகொள்ளாத பெரிய முட்டை. மாமியார் அதைச் சட்டியில் உடைத்தார். இரண்டு மஞ்சள் கரு! "அடி ஆத்தே!" என்று கத்தியவர், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டிய பிறகுதான் பொரித்தார். ஆனால் நேர்த்திக்கடனைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

திருவிழாக் காலை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பின்பக்கம் ஓடினேன். மாமியார் என் கோழியைப் பிடிக்கவில்லை. தான் குஞ்சிலிருந்து வளர்த்த சேவலின் காலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தை, நான் வந்து..."

"முனியாண்டிக்குச் சேவல்தான் குடுப்பாங்க. பொட்டக்கோழிய எவளாச்சும் நேர்ந்துக்குவாளா? நீ சொன்ன அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏன் சும்மா இருந்தீங்க?"

"ஒங்கம்மா குடுத்த கோழி. அறுத்தா நீ அழுவேன்னு அப்பதான் தோணிச்சு. ஆனா சாமி பேருல சொன்னது பொய்யாப் போவக்கூடாது பாரு. அதான் என்னோடது போவுது," என்று சேவலை அணைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மத்தியானம் சேவல் கறியின் தொடைத் துண்டை என் இலையில் வைத்தார். அழுதுகொண்டே தின்றேன். அம்மாடி, என்ன ருசி!