சுவரில் கிடந்த பேர்

எங்கள் ஊர் பழைய கலங்கரை விளக்கத்தை நாங்கள் சில பேர் ஞாயிறுதோறும் பராமரிப்பது உங்களுக்குத் தெரியும். காதலர்கள் சுவரில் கீறி வைத்த பேர்களைச் சுரண்டி வெள்ளை அடிப்பதிலேயே பாதி நாள் போய்விடும்.

இன்று வந்தது நாலே பேர். "இப்படியே போனால் மூட்டை கட்டிவிடலாம்" என்று நான் புலம்பிக்கொண்டிருந்தபோது, துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் அண்ணன் ஒருவர் பைக்கை நிறுத்தினார்.

"மக்கா, எனக்கும் ஒரு பிரஷ் தா."

கடல் பக்கச் சுவரைக் காட்டினேன். அவரோ நேராகப் படிக்கட்டுக்குப் பின்னால் போனார். அங்கே ஓர் இதயத்துக்குள் இரண்டு பேர்கள், ஒன்று அவருடையது.

"கட்டிக்கப் போற பொண்ணா அண்ணே?"

"சத்தம் போடாத மக்கா. அடுத்த மாசம் எனக்க கலியாணம். பொண்ணுக்கு லைட் ஹவுஸ் பாக்கணுமாம். அவளுக்க பேரு வேற."

தன் பேரை அழித்ததோடு நிற்காமல், அந்தச் சுவர் முழுவதற்கும் வெள்ளை அடித்துவிட்டுத்தான் போனார். "மத்தவனும் பொழச்சுப் போட்டும்" என்றார். அடுத்த வாரம் கூட்டாளியையும் கூட்டி வருகிறாராம். அவன் பேர் மேற்குச் சுவரில் கிடக்கிறதாம்.

ஆள் பஞ்சம் தீர்ந்துவிடும் போலிருக்கிறது. சுவரில் பேர் உள்ள மற்றவர்களும் வரலாம். பிரஷ் நாங்கள் தருவோம், காரணம் கேட்க மாட்டோம்.

கமெண்டில் "வாறேன்" என்று போடுங்கள். வீட்டில் பார்த்துவிடுவார்கள் என்றால் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.