ஓரகத்தியின் சாவிக்கொத்து

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் எல்லாரும் அவளை இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். துவைத்து உலர்ந்த படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் விட்டு மறுபக்கம் சுருக்கமில்லாமல் எடுப்பது அவள் வேலை. பழைய மேற்பார்வையாளர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும் அடுத்தது அக்காதான் என்று கூடமே பேசியது. அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். மேனேஜர் வந்து அறிவித்த பெயர் வேறு. அது அவளுடைய கொழுந்தனின் மனைவி பெயர்.

அந்தச் சின்னவளுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவளே அக்காதான். உருளையில் கை சிக்காமல் துணி விடுவது எப்படி என்று காட்டியவளும் அவள்தான். இப்போது சின்னவளின் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கியது. அவள் நடந்தால் அது குலுங்கும். இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவிலும் அந்தச் சத்தம் மட்டும் அக்காவின் காதில் தனியாக விழுந்தது.

ஞாயிறு ஆராதனையில் சின்னவள் எழுந்து, புது வேலைக்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். சபையே ஆமென் என்றது. அக்காவின் வாய் மட்டும் திறக்கவில்லை.

"இன்னைக்கு உன் இஸ்திரிக்குக் கரண்டே வேண்டாம்," என்றார் கணவர், வீட்டுக்கு நடக்கும்போது. "உன் வயித்து மேல வெச்சே தேய்ச்சிடலாம்."

"உங்க தம்பி பொண்டாட்டியை ஒண்ணும் சொல்லிடக் கூடாதே!"

"நான் எங்கே சொன்னேன்? நீதானே முகத்துல சொல்லிட்டு வர்றே."

சின்னவள் பொறுப்புக்கு வந்ததும் இரவு முறை, பகல் முறை எல்லாவற்றையும் மாற்றினாள். சிலருக்குத் தொடர்ந்து இரவு வேலையே விழுந்தது. புலம்பல் ஆரம்பித்தது. வேலை முடிந்து பெண்கள் பஸ்ஸுக்காக ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் நேரத்தில் அக்காவும் போய் நின்றாள். ஒவ்வொருத்தியின் தோளிலும் கைபோட்டு விசாரித்தாள்.

"உன் பக்கம் நியாயம் இருக்கும்மா. ஆனா உள்ளே யாரு காது குடுத்துக் கேக்கறா? நான் மட்டும் அந்த நாற்காலியில இருந்தா…"

அதற்கு மேல் சொல்லமாட்டாள். சொல்லத் தேவையும் இருக்கவில்லை. கொஞ்ச நாளில் பெண்களே பேசி வைத்துக்கொண்டார்கள்: திங்கட்கிழமை காலை யாரும் இயந்திரத்தை ஓட்டுவதில்லை, அக்காவை மேற்பார்வையாளர் ஆக்கும்வரை. அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்கு முந்தின நாள் அவள் ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினாள். அன்றைக்குரிய கதை, அப்பாவின் சிங்காசனத்துக்கு ஆசைப்பட்ட ராஜகுமாரன் கதை. அவன் நகர வாசலில் நின்று, வழக்கோடு வருகிறவர்களைக் கட்டிப்பிடித்து, அவர்கள் மனதையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். அக்கா கதை சொன்னால் நடித்தே காட்டுவாள். குரலை இனிப்பாக்கிக்கொண்டு, "உன் பக்கம் நியாயம் இருக்குப்பா. ஆனா உள்ளே யாரு…" என்றவள் பாதியில் நின்றுபோனாள். பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டு மீதிக் கதையை அவசரமாக முடித்தாள்.

ஆனால் அன்று மாலை மனசு வேறு கணக்குப் போட்டது. அந்த ராஜாவைக் கடவுள் வைத்தார், இவளை வைத்தது மேனேஜர்தானே? தவிர, பெண்களின் குறை பொய்யா? இப்படியே தனக்குத் தானே வாதாடி, யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டாள்.

திங்கட்கிழமை சலவைக்கூடம் சத்தமில்லாமல் கிடந்தது. பெண்கள் கைகட்டி நின்றார்கள். சின்னவள் உள்ளே வந்தாள். ஈரத் துணி மூட்டைகளைப் பார்த்தாள், எல்லாரையும் பார்த்தாள், கடைசியில் அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, இதுல உங்களுக்கும் சம்மதமா?"

"அவங்க நியாயம் கேக்கறாங்க," என்றாள் அக்கா, தரையைப் பார்த்துக்கொண்டே.

சின்னவள் சாவிக்கொத்தைக் கழற்றித் துணி மடிக்கும் மேஜைமேல் வைத்தாள்.

"நான் இதைக் கேட்டு வாங்கலக்கா. கர்த்தர் குடுத்தார்னு நம்பினேன். அவருக்கு நான் வேண்டாம்னா எனக்கும் இது வேண்டாம். மேனேஜர்கிட்ட நானே சொல்லிக்கறேன், யாரு பேரும் வராது. ஆனா மேலே ஆபரேஷனுக்கு ஆள் படுத்திருக்காங்க. அந்தத் துணியை மட்டும் அனுப்பிட்டுப் போறேன்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒற்றை ஆளாக ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி மூட்டையை இயந்திரத்துக்குள் திணிக்க ஆரம்பித்தாள்.

"எடுத்துக்கோங்கக்கா," என்று பின்னாலிருந்து ஒருத்தி கிசுகிசுத்தாள்.

அக்கா கை நீட்டிச் சாவிக்கொத்தை எடுத்தாள். ராத்திரி பகலாக அவள் ஆசைப்பட்டது இது. இப்போது அது கையில் இருந்தும் வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது. விட்டுக்கொடுப்பதிலும் இவளே ஜெயித்துவிட்டாளே! கடவுளை நம்புவதைப் பற்றி வாரா வாரம் பாடம் சொல்வது நான். நம்புகிறவள் இவள். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

நேராக இயந்திரத்தடிக்குப் போனாள்.

"இந்தா, பிடி. கையைத் துடைச்சிட்டு வாங்கு." பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "வாசல்ல நின்னு இவங்களைக் கிளப்பிவிட்டது நான்தான். ஆனா ராத்திரி முறை விஷயத்துல நீ பண்ணினது தப்பு. அதை உன்கிட்டயே நேரா சொல்லியிருக்கணும்."

சின்னவளின் கண் நிறைந்துவிட்டது. "எனக்கென்னக்கா தெரியும்? உங்களைக் கேக்கலாம்னா நீங்க முகம் குடுத்தே பேசமாட்டேங்கறீங்க."

அக்கா மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாள். பெண்களும் ஒவ்வொருத்தியாக நகர்ந்து தத்தம் இடத்துக்குப் போனார்கள். ஆபரேஷன் துணி கொஞ்சம் தாமதமாக மேலே போனது. மேனேஜர் இருவரையும் கூப்பிட்டுத் திட்டினார். அந்த வாரமே ஓரகத்திகள் இருவரும் உட்கார்ந்து வேலை முறையை மாற்றிப் போட்டார்கள்.

அதோடு பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அக்காவே சிரிப்பாள். சின்னவளின் பெயரைச் சொல்லி ஜெபிக்கும்போது ஆரம்பத்தில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஜெபித்தாள். நாளாக நாளாகப் பல் தளர்ந்தது. கடைசிவரை உருளைக்கு முன்னால்தான் நின்றாள். அவள் ஓய்வு பெற்ற அன்று சின்னவள் பேசியதற்கு, அக்கா பேசியதைவிடக் கைதட்டல் அதிகம். சுருக்கென்று குத்தியது.

"ஆண்டவரே, இது இன்னும் என்னை விட்டுப் போகலை," என்று உட்கார்ந்த இடத்திலேயே முணுமுணுத்துவிட்டு, அவளும் பலமாகக் கைதட்டினாள்.